கூடத்துக்கு வெளியே ஒருவர்

புதுப் படிவத்தில் பதினோராவதாக ஒரு பக்கம் இருந்தது. முதல் பத்துப் பக்கங்களையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் நிரப்பிவிடுவாள். நான்கு வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் பிரார்த்தனைக் கூடத்தின் வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் எண்ணையும் தகப்பன் பெயரையும் கட்டம் கட்டமாக எழுதித் தருவதுதான் அவள் வேலை. சம்பளமில்லாத வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் ஃபாரம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அன்று எதிரே யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தன்னுடைய படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கியிருந்தாள். பத்தாம் பக்கத்தில் வழக்கம்போலக் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடியும் வைத்துவிட்டாள். தாளைத் திருப்பியபோது பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

விண்ணப்பதாரரை நேரில் அறிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும் என்றிருந்தது. அவர் இந்நாட்டுக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். உறவினராக இருக்கக்கூடாது. அரசு மானியத்தில் ஒருங்கிணைப்பு வகுப்பு நடத்தும் எந்தச் சமய அமைப்பிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது. தேவைப்பட்டால் அலுவலகம் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும்.

மூன்று முறை படித்தாள். அவளுக்குத் தெரியாத வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. தெரியாத வார்த்தை ஒன்று இருந்தாலும், அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

போன மாதம்வரை இந்த இடத்துக்குக் கூடத்தின் கடிதம் போதுமாக இருந்தது. அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதியதே அவள்தான். ‘இவர் அமைதியானவர், நேரம் தவறாதவர், சமூகத்தோடு கலந்து பழகுபவர்.’ பெயரை மட்டும் மாற்றி, செயலாளரிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தால் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடும். இருநூறு பேருக்காவது கொடுத்திருப்பாள். இருநூறு பேரும் அமைதியானவர்கள், நேரம் தவறாதவர்கள்.

கூடம் ஒரு காலத்தில் நாற்காலி, மேசை, அலமாரி விற்கும் கடையாக இருந்தது. தெருப் பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே தரையில் அலமாரிகள் நின்றிருந்த இடங்கள் இன்னும் வெளுப்பாகச் செவ்வகம் செவ்வகமாகத் தெரியும். முன்பக்கம் வகுப்பறை, பின்பக்கம் பிரார்த்தனை அறை. விமான நிலையத்திலிருந்து வந்த முதல் வாரத்திலேயே குடியேற்ற அலுவலகம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பும். அதில் கூடத்தின் முகவரி இருக்கும். மொழி வகுப்பு, வாழ்க்கை வழிகாட்டி வகுப்பு எல்லாம் இங்கேதான். குப்பையை எப்படித் தரம் பிரிப்பது, பேருந்தில் எந்தக் கதவால் ஏறுவது, மருத்துவரிடம் எப்படி நேரம் கேட்பது. பிரார்த்தனையில் கலந்துகொள்வது கட்டாயமில்லை என்று இரண்டு மொழிகளில் அச்சடித்த தாள் செருப்பு அடுக்குக்கு மேலே ஒட்டியிருந்தது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியதும் இல்லை. ஆனால் குளிர்கோட்டு மாட்டும் கொக்கிகள் எல்லாம் பிரார்த்தனை அறைச் சுவரில்தான் இருந்தன. வகுப்பு பதினொன்றுக்கு முடியும், பதினொன்றேகாலுக்குப் பிரார்த்தனை தொடங்கும். கோட்டை எடுக்க உள்ளே போகிறவர்கள், பாதியில் எடுத்துக்கொண்டு ஓடினால் நன்றாயிருக்காது என்று நின்றுவிடுவார்கள். அவளும் முதல் வருடம் அப்படித்தான் நின்றாள். பிறகு நிற்பது பழகிவிட்டது. பிறகு பிடித்தும் போனது.

செயலாளர் உள்ளேயிருந்து டம்ளரோடு வந்தார். முப்பது வருடங்களுக்கு முன்பு வந்தவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது முழு நேரமும் கூடத்திலேயே இருக்கிறார். ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளை வாங்கிப் படித்தார்.

“வந்துருச்சா. சுற்றறிக்கை வந்தப்பவே நெனச்சேன்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா?”

“வரும் வரும்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தாங்க. மத அமைப்புங்க கையில இவ்வளவு பொறுப்பு ஏன்னு பாராளுமன்றத்துல ஒருத்தர் கேட்டாராம். கேட்டதோட நின்னுடும்னு பாத்தேன்.” ஒரு வாய் குடித்தார். “அஞ்சு வருஷத்துல வெளியில ஒரு ஆளைக்கூடவா தெரியாதுன்னு கேக்கறாங்க. கேக்கறவங்கதான் வந்த முதல் வாரமே சீட்டுக் கொடுத்து இங்க அனுப்புனாங்க. சனியும் ஞாயிறும் இங்க உக்கார வச்சா வெளியில எப்ப போயி ஆளு பிடிக்கிறது?”

“எனக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும் அண்ணா.”

“தெரியும்மா. வார்டு வேலை.”

அவருக்குத் தெரியும். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள் இங்கே மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் கூடம்தான். மேலே நான்கு மாடிகளிலிருந்து அழுக்குத் துணி குழாய் வழியாகக் கீழே வந்து விழும். ஒரு விரிப்பைப் பிரித்துப் பார்த்தாலே அதில் படுத்திருந்தவருக்கு என்னவாயிற்று என்று அவளால் சொல்ல முடியும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், காய்ச்சல் எப்போது விட்டது, காயத்தில் நீர் வடிய வைத்த குழாயைச் சரியாகக் கட்டியிருந்தார்களா இல்லையா. சொல்வதற்குத்தான் ஆள் கிடையாது. போன மாதம் மூன்றாம் மாடி வார்டில் உதவியாளர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நோயாளியைத் தொடும் வேலைக்கு நிரந்தர வசிப்புரிமை வேண்டும். மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் அலுவலகத்தில் ஏற்கப்பட்டிருந்தால் போதும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மேற்பார்வை நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்றைக்குத் தேதி பன்னிரண்டு.

“கவலைப்படாத. பல் டாக்டர் இருக்காரு” என்றார் செயலாளர். “மூணு வருஷமா உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கல. எத்தனை தடவ கேட்டாச்சு. அவரோட சோம்பேறித்தனம் இப்பத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவுது.”

அன்று மாலை வீட்டில் கணவன் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தான். பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவன் அவன். எதைப் படித்தாலும் கண்ணாடியைத் துடைப்பதுபோல ஒரு தடவை தாளைத் தடவிவிட்டுத்தான் படிப்பான்.

“நம்மள நேர்ல அறிஞ்ச வெளியாள்னா, டிக்கெட் செக்கர் ஒருத்தர்தான் இருக்காரு. ரெண்டு தடவ பிடிச்சிருக்காரு. மறக்க மாட்டாரு.”

“விளையாடாதீங்க.”

“கீழ் வீட்டுக்காரர்?”

“அவருக்கு என் காலடிச் சத்தம்தான் தெரியும். சீட்டு எழுதி ஒட்டுனாரே, ஞாபகமில்ல?”

மகள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. உன் சிநேகிதியோட அம்மா கையெழுத்துப் போடுவாங்களா என்று அவளிடம் கேட்டாள்.

“அவங்களுக்கு உன் முகமே தெரியாதும்மா. பிறந்தநாள், விளையாட்டு எல்லாம் சனிக்கிழமைதான் வரும். அப்பாதான் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவாரு. நீ உயிரோட இருக்கியான்னே ஒரு தடவ கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இருக்காங்கன்னு சொன்னேன்.”

கணவன் சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் தன் நாளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஆட்களுக்காகத் தேடிப் பார்த்தாள். மருந்துக்கடைப் பெண் பெயர் சொல்லித்தான் சிரிப்பாள். ஆனால் கேட்டபோது, வாடிக்கையாளர்களுக்கு இப்படி எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று கடை விதி இருப்பதாக வருத்தத்தோடு சொன்னாள். அந்த வருத்தம் உண்மையானதாகவே இருந்தது. நூலகத்தில் அட்டையைத் தேய்த்துத் தருகிற பெரியவர் அவளை வேறொரு பெண்ணாக நினைத்து, தம்பிக்குக் கால் சரியாகிவிட்டதா என்று விசாரித்தார். ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஐந்து வருடம் ஒரு ஊரில் இருந்திருக்கிறாள். தெருக்கள் தெரியும், எந்தத் திருப்பத்தில் காற்று வந்து அறையும் என்று தெரியும், எந்தக் கடையில் எந்தக் கிழமை ரொட்டி பழசு என்று தெரியும். ஊருக்கு அவளைத் தெரியவில்லை என்பது ஒரு குறையாக அதுவரை தோன்றியதே இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் நம்மைத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல.

புதன்கிழமை மாலை பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். கடைசி நோயாளி போய்விட்டிருந்தார். உட்கார வேறு நாற்காலி இல்லாததால், நோயாளிகள் சாய்ந்து படுக்கும் நாற்காலியிலேயே அவளை உட்காரச் சொன்னார். சாயாமல் நிமிர்ந்து விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் பழக்கதோஷத்தில் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டுவிட்டு, உடனே அணைத்தார்.

“நீங்கதான விசேஷ நாள்ல சாப்பாடு பரிமாறுறவங்க?”

“இல்ல டாக்டர். நான் ஃபாரம் எழுதுறேன்.”

“ஆமா ஆமா.” செயலாளர் அனுப்பியிருந்த தாளைக் கணினியில் திறந்தார். அவளைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. “அமைதியானவங்க. நேரம் தவறாதவங்க. சமூகத்தோட கலந்து பழகுறவங்க. நல்லது. ரெண்டு பசங்க.”

“ஒரு பொண்ணு டாக்டர்.”

“ரெண்டு பசங்கன்னு போட்டிருக்கே.”

அவளுக்குப் புரிந்தது. போன மாதக் கடைசியில் ஒரு தச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அவருக்குத்தான் இரண்டு பையன்கள். செயலாளர் அதே தாளில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே.

டாக்டர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பையன்களை அழித்துவிட்டு ஒரு பெண்ணை அடித்தார். “எத்தனை வயசு? பதினொண்ணு. சரி. ஃபோன்ல ரெண்டு நிமிஷம் கேப்பாங்க. நாம எப்படிப் பழக்கம்னு சொல்லட்டும்? குடும்ப நண்பர்னு சொல்லிடவா?”

“உங்களுக்கு எது சௌகரியமோ.”

“குடும்ப நண்பர்னு சொல்லிடறேன்” என்று பதினோராம் பக்கத்தில் அழகான கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மேல் வரிசையில் ஒரு பல்லில் கறுப்பு தெரிவதாகவும் ஒரு நாள் வந்து காட்டும்படியும் சொன்னார். அவளைப் பற்றி அவருக்கு உண்மையாகவே தெரிந்தது அது ஒன்றுதான்.

தாள் கைப்பையில் இருந்தது. காரியம் முடிந்துவிட்டது. பேருந்தில் வரும்போது நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த இரண்டு பையன்களும் மனதைவிட்டுப் போகவில்லை. அழிக்கப்படுவதற்கு முன்னால் சில நாட்கள் அவர்கள் அவளுடைய பிள்ளைகளாக இருந்திருக்கிறார்கள். இருநூறு கடிதம் எழுதியபோது தோன்றாதது இப்போது தோன்றியது: அவள் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் அந்தத் தாள் அப்படியே பொருந்தும்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்றாள். ஈரம் பாதி காய்ந்த விரிப்பு தள்ளுவண்டியில் மலையாகக் கிடக்கும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, ஒரே சமயத்தில் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் துணி கோணலாகப் போய் மடிந்து கருகும். அவளுக்கு எதிர்முனையில் நான்கு வருடங்களாக ஒரே ஆள்தான். இந்த நாட்டிலேயே பிறந்தவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெட்டை. வீட்டில் பேசும்போது அவளை எதிர்ப்பக்கத்துக்காரி என்றுதான் சொல்வார்கள். உருளை போடும் இரைச்சலில் இருவரும் காதடைப்பு மாட்டியிருப்பார்கள். பேச்சுக்கு வழியில்லை. முகவாயை ஆட்டினால் அடுத்தது, புருவத்தைத் தூக்கினால் இதில் கறை இருக்கிறது, தனியே போடு. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு.

அன்றும் அறுநூறு. ஏதோ ஒரு விரிப்பை உதறியபோது இருவருக்கும் நடுவில் துணி ஒரு கணம் உப்பி மேலே எழும்பி எதிர்முகத்தை மறைத்தது. அது இறங்கியபோது எதிர்ப்பக்கத்துக்காரி அவளைப் பார்த்து என்ன என்பதுபோலத் தலையை அசைத்தாள். ஒன்றுமில்லை என்று இவளும் அசைத்தாள். தன் முகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒருத்தியால் முடிகிறது என்ற எண்ணம் அடுத்த இருபது விரிப்புகள்வரை கூடவே வந்தது.

இடைவேளையில், உடைமாற்றும் அறையின் நீளப் பெஞ்சில், பதினோராம் பக்கத்தின் வெற்று நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்துக்காரி மேல்சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து முழுவதையும் படித்தாள். அந்த நாட்டு மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். இவளுக்கு மெதுவாகத்தான் வரும்.

“இதுல என்னைய எதுக்குக் கேக்குற?”

“உங்களுக்கு என்னைத் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியுமா?” அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்தாள். “நாலு வருஷத்துல உங்கிட்ட நான் பேசுனதையெல்லாம் சேத்தா ஒரு மத்தியானம் இருக்குமா?”

“இருக்காது.”

“என் பையன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்ட.”

அவள் திடுக்கிட்டாள். “வரமாட்டேன்னு சொல்லலையே. எதுக்கு உங்களுக்குச் சிரமம்னுதான் சொன்னேன்.”

“அதுக்கு அதுதானே அர்த்தம்?”

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் முறை கூப்பிடும்போதே சரி என்று சொன்னால் காத்திருந்தவள் மாதிரி இருக்கும். எதுக்குங்க, இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். கூப்பிடுகிறவர், அதெல்லாம் முடியாது, வந்தே ஆகணும் என்பார். அப்போதும் பார்க்கலாம் என்றுதான் சொல்வது. மூன்றாம் முறை கையைப் பிடித்துச் சொன்னால் அது அழைப்பு. இதை இவ்வளவு நீளமாக யாருக்கும் அவள் விளக்கியதே இல்லை. விளக்க வேண்டிய விஷயம் என்றே நினைத்ததில்லை. அந்த வருடம் கல்யாணத்துக்காக ஒரு புடவையைக்கூட எடுத்து வைத்திருந்தாள். எதிர்ப்பக்கத்துக்காரி மறுபடி கூப்பிடவில்லை. சும்மா மரியாதைக்குச் சொன்னது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தடுமாறித் தடுமாறி அதைச் சொல்லி முடித்தபோது எதிர்ப்பக்கத்துக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

“மூணு தடவையா?”

“ரெண்டு கூடப் போதும்.”

“எனக்கு யாரு சொல்றது? உங்க கூடத்துல என்னென்னவோ வகுப்பு எடுக்கறாங்களே, இதச் சொல்லிக்கொடுக்கலையா?”

“குப்பை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தாங்க.”

எதிர்ப்பக்கத்துக்காரி மூக்கால் சிரித்தாள். “உனக்கு எங்களப் பிடிக்கலைன்னு நெனச்சிருந்தேன். உங்க ஆளுங்க உங்களுக்குள்ளயே இருந்துப்பீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சரி, அது அவங்க வழக்கம்னு விட்டுட்டேன்.”

“கையெழுத்துப் போடுவீங்களா?”

“ஃபோன் பண்ணிக் கேப்பாங்கன்னு போட்டிருக்கு. எனக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சத மட்டும்தான் சொல்லுவேன். தெரிஞ்சது கொஞ்சம்தான். அது போதாதுன்னு அவங்க சொன்னா என்னைத் திட்டக்கூடாது.”

“திட்ட மாட்டேன்.”

விண்ணப்பதாரரை எப்படி அறிவீர்கள் என்ற கட்டத்துக்கு நேரே எதிர்ப்பக்கத்துக்காரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். ‘நாங்கள் இருவரும் விரிப்புக்கு இஸ்திரி போடுகிறோம்.’ கட்டத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடமிருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். எழும்போது போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்: “உன் மணிக்கட்டு இப்ப எப்படி இருக்கு? வலது பக்கம் நீ நின்னா இழுவை கூடும்னுதான் நான் இடம் மாறிட்டேன்.”

போன வருடம் வெந்நீர்க் குழாயில் வெந்த மணிக்கட்டு. இடம் மாறியதை அவளும் கவனித்திருந்தாள். உருளைக்குப் பக்கத்தில் அந்தப் பக்கம் சூடு குறைவு, அதனால் மாறிக்கொண்டாள் என்று நினைத்திருந்தாள்.

இப்போது இரண்டு தாள்கள் இருந்தன. வீட்டில் இரண்டையும் மேசையில் வைத்தாள். கணவன் இரண்டையும் தடவிவிட்டுப் படித்தான்.

“டாக்டருது நல்லா இருக்கு.”

“ம்.”

“இந்தம்மா ஒரு வரிதான் எழுதியிருக்காங்க. ஃபோன்ல எனக்கு அவ்வளவா தெரியாதுன்னு சொல்லிட்டா?”

“சொன்னாலும் சொல்லுவாங்க.”

“அப்புறம் என்ன யோசனை? வார்டு வேணுமா வேண்டாமா?”

“வேணும்.”

“கலெக்டரம்மா ஏதோ முடிவு பண்ணிட்டீங்க” என்று சொல்லிவிட்டு அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவனுக்குக் கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தான்.

சனிக்கிழமை டாக்டரின் தாளைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினைந்து பேர் ஒரே குரலில், அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று அந்த மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?”

“இல்ல அண்ணா. நல்லாத்தான் பேசுனாரு. நான் வேற ஆளை வச்சு நேத்தே கொடுத்துட்டேன்.”

யார் என்று கேட்டார். சொன்னாள். அவர் தாளை நான்காக மடித்தார், மறுபடி பிரித்தார்.

“சலவைக்கூடத்துல ஒரு பொம்பள. உன்னைப் பத்தி அந்தம்மாவுக்கு என்னம்மா தெரியும்? நீ வந்திறங்குனப்போ போட்டுக்க ஒரு கோட்டு இருந்துச்சா? யாரு கொடுத்தா? உன் பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் யாரு நின்னு வாங்குனா? இந்த ஊர்ல உன்னைத் தெரிஞ்சவங்க நாங்கதான். எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லுது. சரி, அது அவங்க. நீயுமா?”

“உங்களைத் தெரியாதுன்னு நான் எங்கயும் எழுதலைண்ணா. பத்தாம் பக்கத்துல கூடத்துல வேலை செய்றேன்னு போட்டிருக்கேன்.”

“அந்தம்மா ஃபோன்ல ஏதாவது ஏடாகூடமாச் சொல்லி உன் விண்ணப்பம் திரும்பி வந்தா, ரெண்டு வருஷம் காத்திருக்கணும். தெரியுமில்ல?”

“தெரியும். அந்த விதியை எத்தனை பேருக்கு நானே படிச்சுச் சொல்லியிருக்கேன்.”

செயலாளர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த முதல் குளிரில் அவர் கொடுத்த கோட்டுக்கு அவர் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் பத்துப் பக்கங்களை நிரப்பினாள். பதினோராவதுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெளியில உனக்கு யாரைத் தெரியும், யோசிச்சுச் சொல்லு என்றாள். அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். வெளியிலயா அக்கா, என்றாள்.

அலுவலகத்தின் அழைப்பு இருபத்தைந்தாம் தேதி வந்தது, காலை பத்தரை மணிக்கு. எதிர்ப்பக்கத்துக்காரி தன் கைபேசி எண்ணுக்குப் பதிலாகச் சலவைக்கூடத்தின் எண்ணையே கொடுத்திருந்தாள். வேலை நேரத்தில் அவள் கைபேசியைத் தொடுவதில்லை. மேற்பார்வையாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து அவள் தோளைத் தட்டி, காதருகே கையை வைத்துக் காட்டினார். எதிர்ப்பக்கத்துக்காரி கையிலிருந்த முனைகளை உருளையின் பலகைமேல் வைத்துவிட்டு, கழுத்தில் காதடைப்பைத் தொங்கவிட்டபடி போனாள். உருளை நிற்கவில்லை. தனியாக ஒரு விரிப்பை உருளைக்குக் கொடுக்க முடியாது என்பதால் ஃபாரம் அக்காவும் அப்படியே நின்றாள்.

கண்ணாடி அறை பத்தடி தூரத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்துக்காரி முதலில் நின்றுகொண்டு பேசினாள். தலையை ஆட்டினாள், இல்லை என்பதாக. மறுபடியும் இல்லை. பிறகு மேற்பார்வையாளரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. கறை தேடி விரிப்பைப் பார்க்கும்போது இருப்பதுபோல இருந்தது. காதடைப்புக்குள் ஃபாரம் அக்காவுக்குத் தன் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு சாதாரண வேலைநாளில் யாரோ ஒருத்தி தன்னைப் பற்றிப் பேசுகிறாள், அந்த மொழியில் தன்னை என்னவென்று சொல்வார்கள் என்று தெரியாமல் இங்கே நிற்கிறோம் என்று நினைத்தாள். பயம்கூட அவ்வளவாக இல்லை. கைகள் சும்மா இருப்பதுதான் விசித்திரமாக இருந்தது.

இரண்டு நிமிடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத்துக்காரி இப்போது பேச ஆரம்பித்திருந்தாள். ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையை விரித்து, வலது கை ஆள்காட்டி விரலால் சுண்டுவிரலைத் தொட்டு ஏதோ சொன்னாள். அடுத்த விரலைத் தொட்டு இன்னொன்று. மறுமுனையில் இருப்பவருக்கு விரல் தெரியாது என்பதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நடுவிரலில் கொஞ்ச நேரம் நின்று கூரையைப் பார்த்தாள். பிறகு நான்காவது. கட்டைவிரல். கை முடிந்ததும், அவ்வளவுதான் என்று ஃபாரம் அக்கா நினைத்தபோது, எதிர்ப்பக்கத்துக்காரி ஃபோனை மறு தோளுக்கு மாற்றி, வலது கையை விரித்து, சுண்டுவிரலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.